இம்பிளாண்ட்: பல் உள்வைப்பா, பல் பதியமா?

போன மாசம் மட்டக்களப்பு ஆரையம்பதியில இருந்து ஒரு அம்மா வந்தவ. கீழ்க் கடைவாய்ப்பல்லுக் கழட்டி ரெண்டு வருசமாம், ரெண்டு பக்கத்துப் பல்லையும் ராவி அதுகளில பிடிக்கிற பல்லுப் பாலம் கட்டாம இம்பிளாண்ட் வைக்கலாமெண்டு சொன்னன், அவ கொஞ்சநேரம் யோசிச்சுப்போட்டு "அது பல்லா மகன், ஆணியா?" எண்டு கேட்டா. எனக்கு உடன பதில் வரல்ல. பேராதனையில படிச்சது இங்கிலீஷில, பொதுப் பல் வைத்தியரா வேலை செஞ்சுகொண்டே இம்பிளாண்ட் பழகினதும் இங்கிலீஷில, அதால இந்தச் சாமானுக்குத் தமிழ்ல என்ன பேரெண்டு அண்டைக்கு வரைக்கும் நான் யோசிச்சதேயில்ல.

அவ கேட்டது சரியான கேள்வி. இம்பிளாண்ட் எண்டுறது பல்லு இல்ல, வேர். தாடை என்புக்குள்ள போற டைட்டேனியம் திருகாணிக்குத்தான் அந்தப் பேர். அதுக்கு மேல அபட்மெண்ட் எண்டு ஒரு இணைப்புத் துண்டு வரும், அதுக்கும் மேலதான் கிரவுன், அதாவது நாம பல்லெண்டு பார்க்கிற முடி. சனம் மூண்டையும் சேர்த்து இம்பிளாண்ட் எண்டு சொல்லுறதால திருகாணி வைச்ச அண்டைக்கே பல்லு வந்திருமெண்டு நினைச்சு வருதுகள்.

சொல்லுட வேர் லத்தீன். 'இன்' எண்டால் உள்ளே, 'பிளாந்தாரே' எண்டால் நடுறது. 'பிளாந்தா' எண்டா நடுறதுக்கு வெட்டியெடுத்த இளங்கொப்பு, உள்ளங்காலுக்கும் அதே சொல்தான். இங்கிலீஷில ஒரு எண்ணத்தை மனசுக்குள்ள பதிக்கிறதுக்கும் இம்பிளாண்ட் எண்டு சொல்லுவாங்கள், நாமளும் "மனசில பதிஞ்சிட்டு" எண்டுதானே சொல்லுறம், அங்கதான் எனக்கு வழி தெரிஞ்சது.

தமிழ்ல கூடுதலா எழுதுறது 'பல் உள்வைப்பு'. பிழையெண்டு சொல்ல மாட்டன், ஆனா எனக்கு அது பிடிக்கல்ல. வைச்சதை எடுக்கலாம், அலுமாரிக்குள்ள உடுப்பு வைக்கிறமாதிரி. இரவில கழட்டித் தண்ணிக்குள்ள போடுற பல்லு செட்டுக்குத்தான் வைப்பு எண்டுறது பொருந்தும். இதைப் பதிக்கிறதெண்டுதான் சொல்லோணும், மோதிரத்தில கல்லுப் பதிக்கிறமாதிரி. ஏ எல் உயிரியல் படிச்ச ஆக்களுக்கு 'உட்பதித்தல்' ஞாபகம் இருக்கும், முளையம் கருப்பைச் சுவரில போய்ப் பிடிக்கிறதுக்கு இங்கிலீஷிலயும் இதே சொல்லுத்தான். அதால நான் சொல்லுறது 'பல் பதியம்'. மல்லிகைக் கொப்பை வளைச்சு மண்ணுக்குள்ள பதிச்சு வேர் விட வைக்கிறதும் பதியம்தானே, லத்தீன்காரன்ட பிளாந்தாவும் கிட்டத்தட்ட அதே கொப்புத்தான். 'நடுகை' எண்டு சொல்லலாமோ எண்டும் யோசிச்சன், ஆனா நம்மட பக்கம் வேளாண்மை கூடுதலா வீசி விதைக்கிறது, நடுகை எண்டால் மரநடுகைதான் ஞாபகம் வரும்.

ஒரு வித்தியாசம் இருக்கு. பதியத்தில கொப்பு வேர் விட்டு மண்ணைப் பிடிக்கும், இங்க டைட்டேனியத்துக்கு உயிரில்ல, என்புதான் வளர்ந்து வந்து அதைப் பிடிக்கும். சுவீடன்ல பிரோனமார்க் எண்ட ஆய்வாளர் 1950கள்ல முயல்ட கால் என்புக்குள்ள டைட்டேனியக் கூடு ஒண்டு வைச்சு இரத்த ஓட்டம் பார்த்தவர், மறுகா கழட்டப் போனா என்போட ஒட்டிப்போய்க் கழட்டவே ஏலாமப் போச்சு. 1965ல முதல் ஆளுக்குப் பல்லுக்காகப் பதிச்சார். அந்த ஒட்டுதலுக்கு அவர் வைச்ச பேர்தான் ஒசியோஇன்டகிரேஷன், லத்தீன்ல 'ஒஸ்' எண்டால் என்பு, மற்றப் பாதி முழுசாக்குறது எண்ட சொல்லில இருந்து வந்தது. நான் 'என்புப்பிடிப்பு' எண்டு சொல்லுறன். "வேர் பிடிச்சிட்டு" எண்டு சொல்லுற வாயில "என்பு பிடிச்சிட்டு" எண்டும் லேசா வரும். அவர்ட பழைய முறையில கீழ்த்தாடைக்கு 3 மாசம், மேல்தாடைக்கு 6 மாசம் பார்த்திருக்கோணும், மேல் என்பு கொஞ்சம் பஞ்சுமாதிரி. இப்ப சில பேருக்குச் சுருக்கமாவும் செய்யலாம், ஆனா சுருட்டுக் குடிக்கிற ஆக்கள், சீனி வருத்தம் கட்டுப்பாட்டில இல்லாத ஆக்கள் எண்டால் பிடிப்புக் கஷ்டம், அதை முதலே வாய்திறந்து சொல்லிப்போடோணும்.

இம்பிளாண்ட் பழகப் போற பொதுப் பல் வைத்தியர்மாருக்கு ரெண்டு வினைச்சொல் முக்கியம், பிளேஸ், ரெஸ்டோர். முதலாவது பதிக்கிறது. துளை போடக்குள்ள என்பு சூடாகக் கூடாது, 47 பாகை செல்சியஸ் ஒரு நிமிசம் நிண்டாலே என்பு சாகத் தொடங்கும், அதுக்குத்தான் சேலைன் ஊத்திக்கொண்டே போறது. கீழ்த்தாடை நரம்புக்கு 2 மில்லிமீற்றராவது தள்ளி நிக்கோணும், இல்லாட்டி சொண்டு விறைச்சுப்போகலாம். ரெண்டாவது, பதிச்சதுக்கு மேல முடியை வைச்சு முடிக்கிறது. அதுக்கு 'மீளமைத்தல்' எண்டு எழுதுறாங்கள், ஆசுப்பத்திரிக் கட்டடம் திருத்துறமாதிரி கேக்குது. வேலை உண்மையில தொடங்குறது அங்கதான், மேல வரப்போற முடி எந்த இடத்தில எந்தச் சரிவில நிக்கோணுமெண்டு முடிவெடுத்திட்டுத்தான் கீழ பதியம் எங்க போறதெண்டு பார்க்கோணும், என்பு இருக்கிற இடத்தில பதிச்சுப்போட்டு பிறகு பல்லைப் பார்ப்பமெண்டு போனா கடைசியில பிரஷ் போகாத கோணத்தில பல்லு வந்து நிக்கும், முரசு வீங்கும், பதியத்துக்குச் சூத்தை வராட்டியும் சுத்தியிருக்கிற என்பு கரைஞ்சுபோகும்.

அந்த அம்மாட்ட மல்லிகையைச் சொல்லி விளங்கப்படுத்தினன். "அப்ப வேர் பிடிச்ச பிறகுதான் பல்லுக் கட்டுவீங்க" எண்டு அவவே சொன்னா. ரெஸ்டோருக்கு நான் தேடின சொல் அதுதான், பல்லுக் கட்டுறது.