ஒரே இணைய இணைப்பைப் பத்துப் பேர் பகிரும்போது

"நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு, இன்னும் வேகமான பிளானுக்கு மாறிடலாமா?" சிறிய அலுவலகங்களிலிருந்து எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தொடங்கும். மாறுவதற்கு முன் ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்று சொல்வேன். போய்ப் பார்த்தால், பல இடங்களில் வெளியிலிருந்து வரும் இணைப்பில் ஒரு குறையும் இருக்காது. வந்ததை உள்ளே பகிர்ந்து கொடுப்பதில்தான் கோளாறு இருக்கும்.

பத்துப் பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம். தினமும் காலை பதினொரு மணிவாக்கில் வீடியோ அழைப்புகள் எல்லாம் திக்கித் திணறும். ஒரு மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். மற்ற நேரங்களில் வேகச் சோதனை போட்டால், பிளானில் சொன்ன வேகம் அப்படியே வருகிறது. பதினொரு மணிக்கு அங்கேயே உட்கார்ந்து, எந்தக் கணினி எவ்வளவு அனுப்புகிறது என்று ரூட்டரில் பார்த்தேன். கோப்புகளை கிளவுடுக்கு பேக்கப் எடுக்கும் மென்பொருள் ஒரு கணினியில் அந்த நேரத்துக்குத் தொடங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. அது ஒன்றே அப்லோடு பாதை முழுவதையும் பிடித்துக்கொண்டிருந்தது.

"அவர் அப்லோடு செய்தால் எனக்கு ஏன் டவுன்லோடு நிற்கிறது?" என்று அங்கே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பல பிராட்பேண்ட் பிளான்களில் அப்லோடு வேகம் டவுன்லோடு வேகத்தைவிட மிகக் குறைவு. நாம் ஒரு கோப்பை இறக்கும்போதுகூட, வந்த துண்டுகள் சேர்ந்துவிட்டன என்று நம் கணினி மறுமுனைக்குச் சின்னச் சின்ன ஒப்புகைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்லோடு பாதை நிரம்பிவிட்டால், அந்த ஒப்புகைகளும் பேக்கப் கோப்புக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். ஒப்புகை தாமதமானால் மறுமுனை அடுத்த துண்டை அனுப்பத் தயங்கும். ஒருவர் ஏற்ற, ஒன்பது பேருக்கு இறங்காமல் போவது இப்படித்தான். வரிசை இப்படி அளவுக்கு மீறி நீண்டு தாமதமாவதற்கு பஃபர்புளோட் என்று பெயர்.

இதை நீங்களே சோதிக்கலாம். கணினியில், மறுமுனையிலிருந்து பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பிங் கட்டளையை ஓடவிட்டு, வேறொரு கணினியிலிருந்து ஒரு பெரிய கோப்பை ஏற்றிப் பாருங்கள். இருபது மில்லிசெகண்டில் வந்த பதில் சில நூறு மில்லிசெகண்டுக்குத் தாவினால் நோய் இதுதான். பேக்கப்பை இரவுக்கு மாற்றலாம். அந்த மென்பொருளிலேயே வேக வரம்பு வைக்கலாம். யாருக்கு எவ்வளவு வேகம் என்று பங்கிடும் கியூஓஎஸ் வசதி ரூட்டரில் இருந்தால், அப்லோடு வரம்பை உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு வையுங்கள். அந்த அலுவலகத்துக்கு நேரத்தை மாற்றியதே போதுமாக இருந்தது.

இன்னொன்று, 100 எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு, மெகாபைட் அல்ல. எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். இந்தக் குழப்பத்தாலேயே பிளானை மாற்றியவர்கள் உண்டு.

அடுத்து நான் அடிக்கடி பார்ப்பது இரண்டாவது ரூட்டர். மூலை அறைக்கு வைஃபை எட்டவில்லை என்று யாரோ ஒன்றை வாங்கி வந்து, முதல் ரூட்டரின் லேன் துளையிலிருந்து அதன் லேன் துளைக்கு கேபிள் இழுத்துவிடுவார்கள். இப்போது கணினிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்க இரண்டு ரூட்டர்கள். பல ரூட்டர்கள் கடையிலிருந்து வரும்போதே 192.168.1.1 என்ற முகவரியோடுதான் வரும் என்பதால், இரண்டும் ஒரே முகவரியில் நிற்கவும் வாய்ப்புண்டு. பாதிக் கணினிகளில் நெட் வரும், பாதியில் வராது. அணைத்துப் போட்டால் வந்தது போகும், போனது வரும். தீர்வு எளிதானது. புதிய ரூட்டரை, முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லையென்றால், அதில் முகவரி கொடுக்கும் வசதியான டிஹெச்சிபியை அணைத்து, முகவரியை 192.168.1.2 போல வேறொன்றாக வையுங்கள். அப்படியே பிரின்டருக்கும் மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள்.

இடம் மாறாத மேஜைக் கணினிகளுக்கு கேபிள்தான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. வைஃபை என்பது எல்லோரும் மாறி மாறிப் பேசும் ஒரே காற்று, கேபிள் அவரவர்க்குத் தனிவழி. கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும். ஆனால் அதற்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் சரியாக இருக்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும்.

வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது பாதுகாப்பு. உள்ளே எத்தனை கணினி இருந்தாலும் வெளியுலகுக்கு உங்கள் அலுவலகம் பெரும்பாலும் ஒரே முகவரிதான். வந்துபோகும் ஒருவர் உங்கள் வைஃபையில் தகாத வேலை செய்தாலும் பதிவில் நிற்பது அந்த முகவரியே. கெஸ்ட் நெட்வொர்க் அந்த முகவரியை மாற்றாது என்றாலும், வந்துபோகிறவர்களை அலுவலகக் கணினிகளிலிருந்து பிரித்து வைக்கும்; ஆகவே விருந்தினர்களுக்கு அது தனியாக இருக்கட்டும். ரூட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டையும் முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2016இல் பரவிய மிராய் என்ற தீம்பொருள், கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது பெரிய வித்தையால் அல்ல. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளின் சிறு பட்டியல் ஒன்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான்.

வெளியிலிருந்து அழைக்காமல் வரும் தொடர்பை ரூட்டர் வழக்கமாக உள்ளே விடாது. அந்தக் கதவை நாமே திறந்து வைக்கிறோம். வீட்டிலிருந்து வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் நுழைவு வழியான 3389 போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிட்ட ஓர் அலுவலகத்தைப் பார்த்தேன். கணினியின் பதிவேட்டைத் திறந்தால், தோற்றுப்போன உள்நுழைவு முயற்சிகள் பக்கம் பக்கமாக இருந்தன. இரவு பகல் என்றில்லாமல், சில நொடிகளுக்கு ஒன்று. கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பல்கள் அதிகம் பயன்படுத்தும் நுழைவாயில்களில் இதுவும் ஒன்று. நல்லவேளை, யாரும் இன்னும் உள்ளே வந்திருக்கவில்லை. அந்தப் போர்ட்டை அன்றே மூடி, வெளியிலிருந்து வேலை செய்பவர்களுக்கு விபிஎன் என்ற பாதுகாப்பான தனிவழியை அமைத்துக் கொடுத்தேன். மறுநாள் அதே பதிவேட்டைப் பார்த்தபோது, வெளியிலிருந்து வந்த முயற்சி ஒன்றுகூட இல்லை.