ஆன்டிபயாட்டிக்: நுண்ணுயிர் எதிர்ப்பி

‘ஆன்டி’ என்றால் எதிர், ‘பயோஸ்’ என்றால் உயிர். இரண்டும் கிரேக்கம். ஓர் உயிர் இன்னோர் உயிரை அழித்துத் தான் பிழைப்பதை 1889-இல் ‘ஆன்டிபியோஸ்’ என்றார் பிரெஞ்சு அறிஞர் போல் வியுமேன். 1940-களில், ஒரு நுண்ணுயிர் சுரந்து மற்றொன்றைக் கொல்லும் பொருளுக்கு ‘ஆன்டிபயாட்டிக்’ என்ற பெயரை நிலைக்கவைத்தவர் அமெரிக்காவின் செல்மன் வாக்ஸ்மன். ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்யும் சிப்ரோஃப்ளாக்சசினையும் இன்று அப்படித்தான் அழைக்கிறோம்.

தமிழில் ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’. நல்ல சொல்தான். ஆனால் வைரஸையும் நுண்ணுயிர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மஞ்சக்குப்பத்து மருந்துக்கடையில் “அண்ணே, சளிக்கு ஒரு ஆன்டிபயாட்டிக் குடுங்க” என்று கேட்பவருக்கு அந்த மாத்திரை பாக்டீரியாவை மட்டுமே தாக்கும் என்பது தெரிய வேண்டாமா? சாதாரணச் சளிக்கும் டெங்குவுக்கும் காரணம் வைரஸ். அதை இது தொடாது. ‘பாக்டீரியா எதிர்ப்பி’ என்றால் குழப்பமே இல்லை. என் ஓட்டு அதற்குத்தான்.

கூடவே வரும் சொல் அலர்ஜி, தமிழில் ஒவ்வாமை. நம் பேச்சில் “அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல” என்பதில் எல்லாமே அடங்கிவிடுகிறது, சிக்கலும் அங்கேதான். வயிற்றுப்போக்கும் குமட்டலும் பெரும்பாலும் பக்கவிளைவு. உடம்பெங்கும் தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சிரைப்பு என்றால் அது ஒவ்வாமை, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது. டாக்டரிடம் என்ன ஆனது என்பதையே சொல்லுங்கள். பெனிசிலின் ஒவ்வாதவர் அமாக்சிசிலினும் அதே குடும்பம் என்பதை மறக்கக் கூடாது.

மூன்றாவது சொல் ‘இடைவினை’: ஒரு மருந்து இன்னொன்றின் வேலையில் குறுக்கிடுவது. மழைவெள்ளம் வடிந்தபின் கடலூர்ப் பக்கம் எலிக்காய்ச்சலுக்கு எழுதப்படும் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கையே பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்து இவற்றோடு சேர்த்து விழுங்கினால், அவற்றிலுள்ள உலோகங்கள் மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தத்துக்குப் போய்ச் சேருவது குறையும். ரத்தசோகைக்கு மாத்திரை எடுக்கும் பெண்கள் எத்தனை பேர்! இரண்டுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்று கேட்டே வாங்குங்கள். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். உடனே படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஆபத்து இன்னும் பெரிது. மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் கூடி, ரத்தக்கசிவு வரை போகும். அவர் எந்த டாக்டரைப் பார்த்தாலும் தன் மாத்திரை அட்டையை முதலில் எடுத்துக் காட்ட வேண்டும்.