கடனுக்கு முன் சனிக்கிழமைக் கணக்கு

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் வீட்டிலேயே ஜாப்வொர்க் தையல் (கம்பெனித் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) தொடங்க நினைக்கும் பெண்கள் முதலில் கேட்பது, "எந்தத் திட்டத்தில் மானியம் அதிகம்?" என்பதுதான். அதற்கு முன் இன்னொரு கேள்வி இருக்கிறது: பில் பணம் வரும்வரை சனிக்கிழமைச் சம்பளத்தை எதிலிருந்து கொடுப்பீர்கள்?

ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் என்று தையல் மிஷின் ஒவ்வொன்று. உங்களைத் தவிர இரண்டு டெய்லர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாள் கூலி 600 ரூபாய் என்றால் ஆறு நாளுக்கு 7,200. நூல், ஊசி, கரண்டுக்கு வாரம் ஆயிரம். கம்பெனி ஆறு வாரம் கழித்துப் பணம் கொடுத்தால், அதுவரை 49,200 ரூபாய் கையில் இருந்தாக வேண்டும். கடன் முழுவதையும் மிஷினில் போட்டுவிட்டு, மூன்றாம் வாரமே கந்துவட்டிக்குப் போகிறவர்கள் பலர். தொழில் நொடிவது பெரும்பாலும் அங்கேதான். அதனால் வங்கிக்குக் கொடுக்கும் திட்ட அறிக்கையில் நடைமுறை மூலதனத்தை, அதாவது இந்த அன்றாடச் செலவுப் பணத்தை, தனியாக எழுதிக் கேளுங்கள். சிறுதொழிலுக்கான முத்ரா கடன் திட்டத்தில் 50,000 வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் என்று பெயர். இரண்டுக்கும் சொத்துப் பிணை கேட்கக் கூடாது.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீத மானியம். 5 லட்சம் ரூபாய்த் திட்டம் என்றால் உங்கள் பங்கு 25,000, மானியம் 1,75,000. ஆனால் அந்த மானியம் கைக்கு வராது. மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாக இருந்து, தொழில் நடக்கிறதா என்று பார்த்த பிறகே கடனில் கழியும். அதை நம்பி மகள் கல்யாணத்துக்குத் தேதி குறிக்காதீர்கள். இந்த 35 சதவீத மானியம் புதுத் தொழிலுக்கு மட்டுமே. கடன் கிடைக்குமுன் மிஷின் வாங்கி ஓட்டத் தொடங்கினால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். மிஷின் விலைக்குக் கொட்டேஷன் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வங்கி மேனேஜர் முதலில் பார்ப்பது சிபில், அதாவது நீங்கள் கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்று காட்டும் அறிக்கையும் மதிப்பெண்ணும். வீட்டுச் செலவுக்காக உங்கள் பேரில் எடுத்த மைக்ரோ ஃபைனான்ஸ் கடனும், உறவினருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் அதில் தெரியும். தவணையைக் கட்டத் தவறியது கணவரோ மகனோ ஆனாலும் மதிப்பெண் குறைவது உங்களுக்குத்தான். இது அநியாயம், ஆனாலும் வங்கி அப்படித்தான் பார்க்கும். ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை இலவசம். விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துப் பாருங்கள்.

தொழில் தொடங்கியதும் உத்யம் (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. பதிவு இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் கம்பெனி பணம் கொடுத்தாக வேண்டும். உத்யம் எண்ணை முதல் பில்லிலிருந்தே அச்சிடுங்கள், டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.