பாஸ்வேர்டை எங்க ஒளிச்சு வைக்கலாம்னு கேக்குறவங்களுக்கு

போன ப்ராஜெக்ட்ல கிட் ரெப்போவை (கோடோட ஒவ்வொரு மாத்தத்தையும் சேமிச்சு வைக்கிற இடம்) திறந்தா, செட்டிங்ஸ் எழுதி வைக்கிற டாட் என்வ் ஃபைல்ல ப்ரொடக்‌ஷன் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அப்படியே உக்காந்திருக்கு. டீம்ல இருந்த தம்பிகிட்ட சொன்னேன், உடனே டெலிட் பண்ணி கமிட் போட்டுட்டு "முடிஞ்சுதுண்ணா"ன்னான். கிட் லாக் எடுத்துக் காட்டினேன், அழிச்ச வரி சிவப்புல பளிச்சுன்னு நிக்குது.

சரி, அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ல பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கிற சீக்ரெட்ஸ் மேனேஜர்ல வைக்கலாமான்னு கேட்டான். வைக்கலாம், தப்பில்ல, ஆனா அதைத் திறக்க ஆப்புக்கு எப்படியும் ஒரு ஐஏஎம் ரோல் (எதையெல்லாம் தொடலாம்னு ஏடபிள்யூஎஸ் குடுக்குற அடையாளம்) வேணும்ல, அந்த ரோலை வச்சு நேரா டேட்டாபேஸுக்குள்ளயே போயிடலாமே, நடுவுல பாஸ்வேர்டு எதுக்கு?

நாங்க பண்ணது ஏடபிள்யூஎஸ்ஸோட டேட்டாபேஸ் சர்வீஸான ஆர்டிஎஸ்ல ஓடுற போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்ல. ஐஏஎம் அத்தென்டிகேஷனை ஆன் பண்ணிட்டு, ஆப்புக்குன்னு புது யூசர் போட்டு அதுக்கு போஸ்ட்கிரஸுக்குள்ளயே இருக்குற ஆர்டிஎஸ்_ஐஏஎம் ரோலை கிராண்ட் பண்ணணும், ஆப்போட ஐஏஎம் பாலிசில அந்த ஒரு யூசருக்கு மட்டும் கனெக்ட் பெர்மிஷன். அப்புறம் பாஸ்வேர்டு கேக்குற இடத்துல ஏடபிள்யூஎஸ் எஸ்டிகே (அவங்களோட கோட் லைப்ரரி) தர்ற டோக்கனை, அதாவது தற்காலிக அனுமதிச் சீட்டைக் குடுக்கணும், அதுக்கு ஆயுசு 15 நிமிஷம்தான். கனெக்‌ஷனை என்க்ரிப்ட் பண்ற எஸ்எஸ்எல் கட்டாயம். டேட்டாபேஸ் உருவாக்கும்போதே வர்ற மாஸ்டர் யூசருக்கு மட்டும் அந்த கிராண்டைப் போட்டுடாதீங்க, அதுக்கப்புறம் அந்த யூசர் பாஸ்வேர்டு போட்டு உள்ள வரவே முடியாது.

இதுல நான் பண்ண கூத்தையும் சொல்லிடறேன். ஆப் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு டோக்கன் வாங்கி வேரியபிள்ல போட்டு வச்சேன், டெஸ்ட் எல்லாம் சூப்பரா ஓடுச்சு, ஏன்னா ஏற்கெனவே திறந்த கனெக்‌ஷனை டோக்கன் காலாவதி ஆனாலும் ஆர்டிஎஸ் துண்டிக்காது. சாயங்காலம் டிராஃபிக் ஏறி பூல் (கனெக்‌ஷன்களைத் திறந்து வச்சு ஆப்புக்கு மாத்தி மாத்திக் குடுக்குறது) புது கனெக்‌ஷன் திறக்கப் போனப்பதான் "பேம் அத்தென்டிகேஷன் ஃபெயில்ட்"னு வரிசையா வந்து விழுந்துச்சு, பாஸ்வேர்டே இல்லாத சிஸ்டத்துல என்னடா அத்தென்டிகேஷன் எரர்னு பாதி ராத்திரி வரைக்கும் மண்டையை உடைச்சுக்கிட்டோம். ஒவ்வொரு புது கனெக்‌ஷனுக்கும் புது டோக்கன், அவ்ளோதான் விஷயம். அது நம்ம மெஷின்லயே கையெழுத்துப் போட்டு உருவாகுறது, அதனால ஸ்லோ ஆகுமோன்னு பயப்பட வேண்டாம்.

பாஸ்வேர்டு வச்சிருந்த பழைய யூசரை உடனே தூக்காம கொஞ்ச நாள் கனெக்‌ஷன் லாகைப் பாருங்க. எங்களுக்கு மூணாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதோ ஒரு ரிப்போர்ட் ஸ்கிரிப்ட் அந்தப் பழைய பேர்லயே வந்து நின்னுச்சு, யாரு எழுதினதுன்னு கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கல.