வீட்டுக்குப் பின்னால் ஓடை: வெள்ளப் பகுதியில் கட்ட அமெரிக்க ஊர்கள் வைத்திருக்கும் விதிகள்

அமெரிக்காவில் வீடு தேடும் நம்மவர்கள் பள்ளிக்கூட ரேட்டிங்கைப் பார்ப்பார்கள், வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஓடை இருந்தால் 'அழகா இருக்கே' என்று இன்னும் கொஞ்சம் பிடித்துப் போகும். அந்த ஓடை பெருகினால் தண்ணீர் எதுவரை வரும் என்று ஒரு அரசு வரைபடம் இருப்பது, கடன் கொடுக்கும் வங்கி 'வெள்ளக் காப்பீடு எடுங்கள்' என்று கடிதம் அனுப்பும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. காப்பீட்டுக்காவது கடிதம் வருகிறது. அந்த வீட்டில் இனி எதைக் கட்டலாம், எதை மாற்றலாம் என்பதற்கும் விதிகள் உண்டு; அவற்றைப் பற்றி யாரும் கடிதம் போடுவதில்லை.

1968ல் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அடிப்படையில் அது ஒரு கொடுக்கல் வாங்கல். சிட்டியோ கவுன்டியோ டவுன்ஷிப்போ, வெள்ளம் வரும் இடத்தில் கட்டுவதற்குக் கட்டுப்பாடு வைத்து உள்ளூர்ச் சட்டம் போட வேண்டும். போட்டால் அந்த ஊர்க்காரர்கள் மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டை வாங்கலாம். சேரச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் 1973ல் இன்னொரு சட்டம் வந்து, அபாயப் பகுதியில் உள்ள வீட்டுக்கு வங்கிக் கடன் வேண்டுமென்றால் வெள்ளக் காப்பீடு இருந்தே ஆக வேண்டும் என்றது. சேராத ஊரில் வீடு விற்பதே கஷ்டம் என்றாகிவிட்டது. இன்று 22,000க்கும் மேற்பட்ட ஊர்கள் சேர்ந்திருக்கின்றன.

குறைந்தபட்ச விதிகளை வகுப்பது மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபெமா. அதற்கு மேல் எவ்வளவு இறுக்கலாம் என்பது ஊரின் விருப்பம். அதனால் பக்கத்து ஊரில் இருக்கும் நண்பர் 'எங்க ஊர்ல இதெல்லாம் கேக்கலையே' என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அது அவர் ஊர்.

வரைபடத்துக்கு வருவோம். ஃபெமாவின் மேப் சர்வீஸ் சென்டர் தளத்தில் முகவரியைக் கொடுத்தால் இலவசமாகப் பார்க்கலாம். ஏ அல்லது வி என்று தொடங்கும் மண்டலங்கள் அபாயப் பகுதி. வி என்றால் கடலோரம், அலையும் சேர்ந்து அடிக்கும் இடம். எக்ஸ் என்றால் அபாயம் குறைவு. அங்கே தண்ணீரே வராது என்று அர்த்தமில்லை. அபாயப் பகுதியின் எல்லையைத் தீர்மானிக்கும் வெள்ளத்தை 'நூறாண்டு வெள்ளம்' என்று சொல்கிறார்கள். இந்தப் பெயரைப் போல ஆளை ஏமாற்றும் பெயர் இல்லை. போன வருடம் வந்துவிட்டது, இனி நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில், எந்த ஒரு வருடத்திலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் என்பதுதான் பொருள். 30 வருட மார்ட்கேஜ் முடிவதற்குள் ஒரு முறையாவது வந்துவிடும் வாய்ப்பு 26 சதவீதம். ஏறக்குறைய நாலில் ஒன்று.

அந்த வெள்ளம் வந்தால் தண்ணீர் எந்த உயரத்துக்கு ஏறும் என்பதுதான் அடிப்படை வெள்ள மட்டம். விதிகளில் பாதிக்கு மேல் இந்த ஓர் எண்ணைச் சுற்றியே இருக்கின்றன. ஏ மண்டலத்தில் புதிதாக வீடு கட்டினால் அதன் மிகத் தாழ்ந்த தளம், பேஸ்மென்ட் உட்பட, அந்த மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். வி மண்டலத்தில் தூண்கள் மேல்தான் வீடு. மண்ணைக் கொட்டி மேடாக்கி அதன் மேல் கட்ட முடியாது, அலை அரித்துக்கொண்டு போய்விடும். பல ஊர்கள் வெள்ள மட்டத்துக்கு மேலும் ஓரிரு அடி கூடுதலாகக் கேட்கின்றன. 2017ல் ஹார்வி புயலில் மூழ்கிய ஹூஸ்டன், மறு வருடமே விதியை மாற்றியது: 500 ஆண்டு வெள்ள மட்டத்துக்கு மேல் 2 அடி.

மட்டத்துக்குக் கீழே அடைப்பாக இடம் இருந்தால் அதை மூன்றுக்குத்தான் பயன்படுத்தலாம்: வண்டி நிறுத்த, ஏறி இறங்க, சாமான் வைக்க. அந்தச் சுவர்களில் தண்ணீர் புகுந்து வெளியேறத் திறப்புகளும் வேண்டும். கணக்கு எளிது, ஒரு சதுர அடிப் பரப்புக்கு ஒரு சதுர அங்குலத் திறப்பு. 400 சதுர அடி கராஜ் என்றால் 400 சதுர அங்குலம், குறைந்தது இரண்டு திறப்புகளாக, திறப்பின் அடிப்பக்கம் தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் போகாமல். வீட்டுக்குள் தண்ணீரை நாமே விடுவதா என்று கேட்கத் தோன்றும். வெளியே மட்டும் தண்ணீர் ஏறி உள்ளே காலியாக இருந்தால் அந்த அழுத்தத்தில் சுவர் உள்ளே சாய்ந்துவிடும். அடுத்த முறை கராஜ் சுவரின் அடியில் கம்பி வலை போட்ட துளையைப் பார்த்தால், எலி வருகிறதென்று பலகை வைத்து அடைத்துவிடாதீர்கள்.

பெர்மிட் எதற்கெல்லாம் வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். விதியில் 'டெவலப்மென்ட்' என்ற சொல்லுக்குப் பொருள் மிக அகலம். கட்டடம் மட்டுமல்ல, மண் கொட்டுவது, நிரவுவது, தோண்டுவது, தளம் போடுவது, பொருள்களைக் குவித்து வைப்பது எல்லாமே அதில் அடங்கும். கொல்லையில் நாலு லாரி மண் அடித்து மேடாக்கினாலும் அபாயப் பகுதியில் அதற்கு அனுமதி வேண்டும். ஆற்றின் முக்கிய நீரோட்டப் பாதையான 'ஃப்ளட்வே' உங்கள் நிலத்தில் வந்தால் இன்னும் கடினம்: நீங்கள் செய்யும் வேலையால் வெள்ள மட்டம் சற்றும் உயராது என்று பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே பெரிதாக எதையும் திட்டமிடாமல் இருப்பதே நல்லது.

இவ்வளவும் புது வீட்டுக்குத்தானே, நமக்கு 1965ல் கட்டிய பழைய வீடு என்று நிம்மதி அடைய வேண்டாம். பழைய வீட்டுக்காரர்களைப் பிடிப்பது 50 சதவீத விதி. புதுப்பிக்கும் செலவு, கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியை எட்டினால் அது புதுக் கட்டடமாகவே கருதப்படும். அதாவது முழு வீட்டையும் வெள்ள மட்டத்துக்கு உயர்த்த வேண்டும். கட்டடத்தின் மதிப்பு என்பதைக் கவனியுங்கள், நிலம் சேராது. 5 லட்சம் டாலருக்கு வாங்கிய வீட்டில் நிலத்தின் மதிப்பு 2 லட்சம் என்றால் கட்டடம் 3 லட்சம், பாதி ஒன்றரை லட்சம். பின்னால் இரண்டு அறை, புதுக் கிச்சன், கூரை மாற்றம் என்று எஸ்டிமேட் 1,60,000 டாலருக்குப் போனால் மாட்டிக்கொண்டீர்கள். 'பெயின்ட், டைல்ஸ் எல்லாம் நானே போட்டுக்கொள்கிறேன், கூலி கிடையாது' என்பதும் செல்லாது. சொந்த உழைப்புக்கும் நண்பர்கள் செய்யும் உதவிக்கும் சந்தைக் கூலி போட்டுத்தான் கணக்கிடுவார்கள். வேலையைத் துண்டு துண்டாகச் செய்து தப்பிக்கலாம் என்றால், சில ஊர்கள் பல வருடச் செலவுகளைக் கூட்டியே பார்க்கின்றன.

சேதத்துக்கும் இதே கணக்குதான். பழுதுபார்க்கும் செலவு பாதியை எட்டினால் அதே விளைவு. சேதம் வெள்ளத்தால்தான் வந்திருக்க வேண்டும் என்றில்லை, தீ விபத்தும் சேரும். வெள்ளத்தால் இப்படி ஆனால், அரசின் காப்பீட்டில் வீட்டை உயர்த்தும் செலவுக்கென 30,000 டாலர் வரை தனியாகக் கிடைக்க வழி உண்டு. ஆசைப்பட்டுச் செய்யும் ரீமாடலிங்குக்கு அது கிடைக்காது.

காப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாக: சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. மத்தியத் திட்டத்தில் வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000. கடன் வாங்கும்போது எடுத்தால் தவிர, எடுத்த நாளிலிருந்து 30 நாள் கழித்தே பொதுவாக நடைமுறைக்கு வரும். புயல் செய்தியைப் பார்த்துவிட்டு ஓடினால் பயனில்லை. உங்கள் ஊர் விதிகளை இறுக்கமாக வைத்திருந்தால் பிரீமியத்தில் 5 முதல் 45 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு.

வரைபடத்தில் வீடு அபாயப் பகுதிக்குள் விழுந்தாலும் நிஜத்தில் மேட்டில் இருக்கலாம். அப்போது சர்வேயரை வைத்து அளந்து, வீட்டை ஒட்டிய மிகத் தாழ்ந்த இயற்கையான தரைகூட வெள்ள மட்டத்தில் அல்லது அதற்கு மேல் இருக்கிறது என்று காட்டினால் ஃபெமா அந்த வீட்டை அபாயப் பகுதியிலிருந்து எடுத்துவிடும். இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, சர்வேயருக்குத்தான் செலவு.

வாங்குவதற்கு முன் இரண்டு வேலை. விற்பவரிடம் எலிவேஷன் சர்டிபிகேட் கேளுங்கள். தளம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று சர்வேயரோ பொறியாளரோ கையெழுத்திட்டிருப்பார். அப்புறம் ஊர் பெர்மிட் அலுவலகத்துக்குப் போய், வெள்ளப் பகுதி நிர்வாகி யார் என்று கேட்டு, அந்த முகவரிக்கு இதுவரை என்னென்ன பெர்மிட் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தூண் மேல் நிற்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் கார்ப்பெட் போட்ட படுக்கையறையும் குளியலறையும் இருந்து, பெர்மிட் பதிவில் அங்கே வெறும் 'சாமான் வைக்கும் இடம்' என்றிருந்தால், முந்தைய உரிமையாளர் செய்த அந்த விதிமீறல் வீட்டோடு சேர்ந்து உங்களிடம்தான் வரும். இடித்துப் பழையபடி ஆக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால், அதில் உங்கள் பெயர்தான் இருக்கும்.