புகவிடுதிறன்: பெர்மியபிலிட்டிக்கு எந்தத் தமிழ்?

பெர்மியபிலிட்டி என்பதற்குத் தமிழில் 'ஊடுருவுதிறன்', 'உட்புகுதிறன்' இரண்டும் புழங்குகின்றன. இரண்டிலும் எனக்கு ஒரே உறுத்தல். ஊடுருவுவது எது? நீர். உட்புகுவது? அதே நீர்தான். ஆனால் பெர்மியபிலிட்டி பாறையின் குணம். தன் வழியே நீரையோ வாயுவையோ எவ்வளவு எளிதாகப் போகவிடுகிறது என்பதன் அளவு அது.

லத்தீனில் 'பெர்' என்றால் ஊடாக, 'மெஆரே' என்றால் செல்வது. ஊடாகச் செல்லத்தக்க தன்மை என்பதே வேர்ப்பொருள். இதை அளக்க வழிகாட்டியவர் பிரான்சின் டிஜோன் நகரப் பொறியாளர் ஆன்றி டார்சி. மணல் நிரப்பிய குழாயில் நீரை ஓடவிட்டுத் தாம் கண்ட விதியை 1856-இல் வெளியிட்டார். இன்றைய அலகும் அவர் பெயரில்தான்: டார்சி, மில்லிடார்சி. இந்தக் கணக்கில் பாய்மத்தின், அதாவது ஓடும் நீர் அல்லது வாயுவின், பாகுநிலை (ஓட்டத்தைத் தடுக்கும் கெட்டித்தன்மை) தனியாக நிற்கும். மிஞ்சுவது பாறையின் பங்கு மட்டும்.

ஆகவே என் ஓட்டு 'புகவிடுதிறன்' என்பதற்கு. இலங்கைத் தமிழ் உயிரியலில் 'புகவிடும் மென்சவ்வு' ஏற்கெனவே உண்டு, புதிதாக ஒன்றும் வேண்டாம். புரைமை வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். புரைமை என்பது உள்ளே எவ்வளவு வெற்றிடம் என்ற கணக்கு. களிமண்ணில் வெற்றிடம் நிறைய, ஆனால் நீரைப் புகவிடாது. குளம் வற்றாமல் நிற்பது அதனால்தான்.

சரி, இந்தச் சொல் அதிகம் தேவைப்படும் ஓர் இடத்துக்கு வருவோம்: கார்பன் டை ஆக்சைடை நிலத்தடிப் பாறைக்குள் செலுத்திச் சேமிப்பது. நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996 முதல் கடலடி மணற்பாறைக்குள் அதைச் செலுத்துகிறார்கள். அங்குள்ள உட்சிரா அடுக்கின் புகவிடுதிறன் ஒரு டார்சிக்கும் மேல், தாராளம். அல்ஜீரியாவின் இன் சலா மணற்பாறைக்கோ ஏறத்தாழ 10 மில்லிடார்சிதான். அழுத்தம் ஏறி, மேலே நிலமே ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்ததைச் செயற்கைக்கோள் காட்டியது. 2011-இல் செலுத்துவதை நிறுத்தினார்கள்.

உள்ளே போன வாயு சும்மா இருப்பதில்லை. துளைகளில் ஏற்கெனவே உப்புநீர் இருக்கிறது. நீர் மணற்பருக்கையை ஒட்டிக்கொள்ளும், வாயு பெரிய துளைகளின் நடுவைப் பிடிக்கும். பாறை அதேதான், வழி மட்டும் பங்காகிவிட்டது. ஒன்றுக்கொன்று இடைஞ்சல் என்பதால் இரண்டின் பங்கையும் கூட்டினாலும் பொதுவாக முழுதாக வராது. அந்தப் பங்கைச் 'சார்புப் புகவிடுதிறன்' எனலாம். செலுத்துவது நின்றதும் நீர் திரும்பி வந்து வாயுவைக் குமிழ் குமிழாகத் துண்டித்துவிடும். அந்தக் குமிழ்கள் அப்புறம் அசையா. சேமிப்பவர்களுக்கு அது லாபம்.

பாறையே மாறுவதும் உண்டு. வாயு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமானால், பருக்கைகளைப் பிணைத்திருக்கும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம் கரைந்து வழி அகலலாம். அதே வேளையில் பெயர்ந்த களித்துகள்கள் போய்த் துளைகளின் குறுகிய வாய்களை அடைத்தால் வழி குறையும். வாயுவைச் செலுத்தும் கிணற்றை ஒட்டி இன்னொரு சங்கடம்: உலர்ந்த வாயு உப்புநீரின் ஈரத்தை இழுத்துக்கொள்ள, உப்பு படிகிறது. உப்பளத்தில் நடப்பதுதான், வெயிலுக்குப் பதில் வாயு.

மேலே இருந்து இதையெல்லாம் மூடிக் காக்கும் களிப்பாறை அடுக்கை 'ஊடுருவாப் பாறை' என்று எழுதினால், ஊடுருவாதது பாறை என்றாகிவிடும். 'புகவிடாப் பாறை' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.