சிவந்து தெரிவதெல்லாம் இளம் விண்மீன் அல்ல

மார்கழி முன்னிரவில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்று கிழக்கே பார்த்தால், கடலுக்கு மேலே ஓரியன் குழுவையும் அதில் சிவந்து ஒளிரும் திருவாதிரையையும் எளிதில் காணலாம். அதே குழுவிலுள்ள நெபுலா என்னும் வாயு, தூசி மேகத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிவந்த பொருள் இருக்கிறது. வானியலாளர்கள் பெக்லினும் நியூகெபாவரும் 1967இல் அகச்சிவப்பில் கண்டு அறிவித்த, பெருநிறை கொண்ட இளம் விண்மீன் அது. திருவாதிரை வாழ்வின் முடிவை நெருங்கி, பருத்துக் குளிர்ந்ததால் சிவந்தது. மற்றதோ தூசிப் போர்வைக்குள் இருப்பதால் சிவந்து தெரிகிறது. முதிய விண்மீன்கள் பலவும் தம்மைச் சுற்றித் தூசியை வெளியேற்றுவதால், நிறத்தை மட்டும் நம்பி இளம் விண்மீன் என்று முடிவு கட்ட வேண்டாம் என்று, திட்டப்பணிக்கு வரும் மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து வரையும் நிறமாலைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும். 2.29 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் தொடங்கும் கார்பன் மோனாக்சைடு பட்டையைப் பாருங்கள். முதிய விண்மீனின் குளிர்ந்த வெளி அடுக்கு அங்கே ஒளியை உறிஞ்சுவதால் பள்ளம் விழுகிறது. இளம் விண்மீனைச் சுற்றிச் சுழலும் வட்டின் அடர்ந்த, வெப்பமான வாயு அதே இடத்தில் ஒளியை உமிழ்வதால் மேடு எழுகிறது. ஆனால் இளம் பெருநிறை விண்மீன்களில் சிலவற்றில் மட்டுமே இந்த மேடு தெரிகிறது என்பதால், அது இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஒதுக்கிவிடக் கூடாது.

அப்போது 2.166 மைக்ரோமீட்டரில் உள்ள ஹைட்ரஜனின் பிராக்கெட் காமா என்னும் வரியைத் தேடுவோம்; அது மேடாக எழுந்தால் இளம் விண்மீன் என்பதற்கு ஒரு தடயம். நான் தவறிய இடமும் அதுதான். காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்பை விழுங்குவதால்தான் லடாக்கின் ஹான்லேயில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியை நிறுவியிருக்கிறார்கள். அங்கும் மிஞ்சும் காற்றின் சுவடுகளை நீக்க, அருகிலுள்ள ஒப்பீட்டு விண்மீன் ஒன்றின் நிறமாலையால் நம் நிறமாலையை வகுக்கிறோம். பெரும்பாலும் ஏ வகை எனப்படும் வெப்பமான வெண்ணிற விண்மீனையே இதற்கு எடுப்போம், அதற்கே 2.166இல் ஆழமான ஹைட்ரஜன் பள்ளம் உண்டு. அதை முதலில் நிரப்பாமல் வகுத்தபோது, பள்ளம் மேடாகத் திரும்பி, எங்கள் திரையில் அழகான உமிழ்வு வரியாக நின்றது. இளம் விண்மீன் கிடைத்துவிட்டது என்று இரண்டு வாரம் நம்பினோம். என்னோடு அந்தத் திட்டப்பணியைச் செய்த மாணவியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இப்போதெல்லாம் வகுப்பதற்கு முன்பே ஒப்பீட்டு விண்மீனின் நிறமாலையைத் தனியே வரைந்து, அந்தப் பள்ளத்தின் அகலத்தைக் குறித்துக்கொள்கிறோம். பிறகு கிடைக்கும் மேடும் அதே அகலத்தில் இருந்தால், கணக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறோம்.